அழிக்காதே சாரின் நட்டு தேவி

என் அத்தான் ஓவிய வாத்தியார். பள்ளிக்கூடத்தில் அந்த உத்தியோகத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பாடம் முடியவில்லையா, ஓவிய பீரியடை எடுத்துக்கொள். அறிவியலில் பரீட்சை வைக்க வேண்டுமா, ஓவிய பீரியடை எடுத்துக்கொள். ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போட ஆள் வேண்டுமா, ஓவிய வாத்தியாரையே எடுத்துக்கொள். என் அக்காவை அவருக்குக் கட்டிக்கொடுத்த புதிதில் எங்கள் அப்பா "வாத்தியார் மாப்பிள்ளை" என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்ன வாத்தியார் என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

யாரும் பிடுங்கிக்கொள்ளாத பீரியடுகளில் அத்தான் கரும்பலகையின் முழு அகலத்துக்கும் வரைவார். ஆப்பிள், குடை, பானை என்று சின்னப் பிள்ளை விளையாட்டெல்லாம் கிடையாது. பிடரி மயிர் பறக்க ஓடிவரும் குதிரை, மழையில் நனையும் ரயில் நிலையம், சந்தைக் கூட்டம். முழங்கை வரை கலர் சாக்பீஸ் தூள் அப்பியிருக்கும். மணி அடித்ததும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் அழகான எழுத்தில் 'அழிக்காதே' என்று எழுதிவிட்டு வெளியே போவார். அடுத்து வரும் கணக்கு வாத்தியார் டஸ்டரைக் கையில் எடுத்து முதலில் அழிப்பது அந்தக் கட்டத்தைத்தான். அப்புறம் குதிரை.

அதனால் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'அழிக்காதே சார்'. வருஷங்கள் போகப்போக ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. ரேஷன் கடையில் கூட "அழிக்காதே சார் வந்திருக்காரு, வழி விடுங்க" என்பார்கள். அத்தான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் புலம்புவார். அக்காவுக்கு குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. காலையிலிருந்து ஊர்ப் புகார் கேட்டு வந்தவளுக்குப் புருஷன் புகார் தனியாகத் தெரியுமா? "சரி, பதிவு பண்ணியாச்சு. கை கழுவிட்டு வாங்க" என்பாள்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பணமோ பட்டமோ இல்லை. ஓய்வு பெறுவதற்குள், யாராலும் அழிக்க முடியாத ஒன்றை, நாலு பேர் நடமாடும் இடத்தில் செய்து நிறுத்திவிட வேண்டும். என் வெல்டிங் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தால் இதையேதான் பேசுவார். நான் இரும்பு கேட்டும் கிரில்லும் செய்கிறவன். "என் கேட்ட எவனும் அழிச்சதில்ல அத்தான், நீங்களும் வந்து ஒரு கேட் பண்ணுங்க" என்பேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோதுதான் பெண்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கூத்து தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். வாசல் தோட்டத்தில் ஒரு சிற்பம் வைக்க யாரோ ஒரு புண்ணியவான் பணம் தந்திருந்தார். தாய்மைக்குரிய தெய்வம் ஏதாவது வைக்கலாம் என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியில் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். யார் தெய்வம், எந்தத் தெய்வம் என்று ஆரம்பித்து, நாற்காலி பறக்கும் அளவுக்குப் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரை நாங்கள் பெரிய டாக்டரம்மா என்போம். அவர் அப்போதுதான் எகிப்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பியிருந்தார். அவர்தான் மேஜையைத் தட்டித் தீர்ப்பு சொன்னார்.

"கும்பிடுறவங்க ஒருத்தர் கூட உயிரோட இல்லாத தெய்வமா பார்த்து வைப்போம். எவனும் சண்டைக்கு வரமாட்டான்."

இப்படியாக, பழங்கால எகிப்து தேவதை ஒன்றை வைத்து நவீன சிற்பம் செய்து தர ஓவியர்களிடமிருந்து மாதிரிகள் வரவேற்கப்படுகின்றன என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அத்தான் நூலகத்தில் போய் விழுந்தார். ஒரு சாயங்காலம் மூச்சு வாங்க என் பட்டறைக்கு ஓடிவந்தார். அந்த நேரம் நான் ஒரு டப்பா நட்டைத் தரையில் கொட்டி அளவு பிரித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த புத்தகத்தை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். படத்தில் ஒரு பெண் வில் மாதிரி வளைந்து நிற்கிறாள். கால் விரல் ஒரு பக்கம் தரையில், கை விரல் மறுபக்கம் தரையில். உடம்பெல்லாம் நட்சத்திரம்.

"வானம், மாப்ள! இவதான் வானம்! சாயங்காலம் சூரியன வாயில போட்டு முழுங்கிடுறா. ராத்திரி முழுக்க அது இவ வயித்துல இருக்கு. விடிஞ்சா பெத்துப் போடுறா. தினமும்! பிரசவ ஆஸ்பத்திரிக்கு இத விடப் பொருத்தமா ஒருத்தி கிடைப்பாளா?"

"தினமுமா? பாவம்" என்றேன்.

"பேரு என்ன தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். புத்தகம் ஆங்கிலம். பேர் மூன்றே எழுத்து. அதன் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிச் சொன்னார். "நட்."

நான் கையில் இருந்த நட்டைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெய்வமே வந்து தன் பேரைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்துவிட்டார்.

"போல்ட்டுன்னு அந்தம்மாவுக்கு ஒரு புருஷன் இருக்கணுமே?"

"புருஷன் பூமி. கீழ நீட்டிப் படுத்திருக்காரு பாரு."

வீட்டில் அக்காவிடம் படத்தைக் காட்டினோம். வளைந்து நிற்கிறவளையும் கீழே படுத்திருக்கிறவரையும் அக்கா நன்றாகப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குங்க எகிப்து வரைக்கும் போனீங்க? எல்லா வீட்லயும் இதான நடக்குது" என்று சொல்லிவிட்டுக் குனிந்து தரையைத் துடைக்கப் போனாள். அத்தான் அவள் குனிந்ததைப் பார்த்து, "அப்படியே நில்லு, அப்படியே நில்லு" என்று கத்திக்கொண்டு பென்சிலைத் தேடினார். அக்கா அப்படியெல்லாம் நிற்கிற ஆள் இல்லை. ஆனால் அத்தான் விடுகிற ஆளும் இல்லை. அடுத்த சில வாரங்கள் அக்கா எங்கே குனிந்தாலும் ஒரு மூலையிலிருந்து பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது.

பேரை வைத்துக்கொண்டு அத்தான் எழுப்பிய தத்துவக் கட்டடத்தைச் சொல்ல வேண்டும். வானம் கழன்று பூமி மேல் விழாமல் முடுக்கி வைத்திருப்பவளே நட். ஆகவே சிற்பம் முழுக்க நட்டுகளால் ஆனதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நட்டும் ஒரு நட்சத்திரம். இதை எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"நட்சத்திரம்! நட் பிளஸ் சத்திரம்! நட் தேவி தங்குற சத்திரம்! வார்த்தைக்குள்ளயே இருக்கு மாப்ள, இத்தன நாளா எவன் கண்ணுக்கும் படல!"

"நட்டத்துக்குள்ளயும் இருக்கு அத்தான்" என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை.

கமிட்டியில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர், எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் பொருள் சொல்லிவிடுவார். அவர் இந்தச் சத்திரத்தைப் படித்துவிட்டு உருகிப் போனார். அது மட்டும் இல்லை, அதிர்ஷ்டமும் அத்தான் பக்கம் இருந்தது. மற்ற ஓவியர்கள் எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி பூனைத் தலை தேவதையைத்தான் அனுப்பியிருந்தார்கள். எகிப்து என்றால் பூனை என்று யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அந்த ஆஸ்பத்திரி வார்டுகளில் பூனைத் தொல்லை என்று அப்போதுதான் பத்திரிகையில் படத்தோடு வந்து ஊரே சிரித்திருந்தது. பெரிய டாக்டரம்மாவுக்குப் பூனை என்று பேச்சு எடுத்தாலே ரத்தக் கொதிப்பு ஏறும். பூனை இல்லாத ஒரே மாதிரி அத்தானுடையது. முடிவு ஏகமனதாக வந்தது.

வேலை என் பட்டறையில் நடந்தது. குழாயை வளைத்து உடம்புக்கு ஒரு கூடு கட்டினேன். கூட்டின் மேல் அடர்த்தியாக போல்ட்டுகளை, மறை என்கிற திருகுவரி வெளியே பார்க்கிற மாதிரி பற்றவைத்தேன். ஒவ்வொரு போல்ட்டின் நுனியிலும் ஒரு நட்டைத் திருகினால் தோல் மாதிரி வந்துவிடும். எல்லாம் சரி, நட்டையும் ஒரு பொட்டு வெல்டு அடித்து இறுக்கிவிடலாம் என்றேன். அங்கேதான் சண்டை வந்தது.

"வெல்டு அடிச்சா அது நட்டு இல்ல மாப்ள. வெறும் இரும்புக் கட்டி. கழட்ட முடியணும். ஆனா கழலாம இருக்கணும். அதுதான் தாய்."

"அது தாய் இல்ல அத்தான், தலைவலி. தோட்டத்துல வைக்கிற சாமானு. எவனாவது கை வைப்பான்."

"ஆர்ட்டுல எவன்டா கை வைப்பான்?"

குடும்பத்தில் அவரை மறை கழன்றவர் என்று எல்லோரும் சொல்வதுண்டு, என்னையும் சேர்த்து. அன்று நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு நட்டை எடுத்து உள்ளே இருக்கும் மறையை வெளிச்சத்தில் காட்டி, "மறை இருக்கறதாலதான்டா கழலுது" என்றார்.  ஒவ்வொரு நட்டையும் தன் கையாலேயே ஏற்றினார். உள்ளங்கை கொப்பளித்து, சோறு பிசையக் கூட முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டார். முடிந்த அன்று அக்கா பட்டறைக்கு வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த வளைவும் இடுப்பும் அச்சு அசல் அக்காதான். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

"தரை துடைக்கிறா. துணி எங்க?" என்றாள். ஆனால் அன்று பூராவும் அவள் முகத்தில் ஒரு வெட்கம் இருந்ததை நான் பார்த்தேன்.

திறப்பு விழாவுக்கு வெளியூரிலிருந்து அருங்காட்சியகத்து அம்மா ஒருவரைப் பேச அழைத்திருந்தார்கள். எகிப்து பற்றிப் படித்தவர். திரையை விலக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப அழகு என்றார். மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தேவதையோட பேர பல பேர் ஆங்கில எழுத்தப் பார்த்துத் தப்பா வாசிச்சிடுவாங்க. சரியான உச்சரிப்பு, நூத்."

எல்லோரும் மேடையை நிமிர்ந்து பார்த்தார்கள். மேடையில் பேனர் தொங்கியது. அதில் ஆளுயரத்துக்கு 'நட் தேவி'. கீழே கல்வெட்டில் 'நட் தேவி'. அழைப்பிதழில் நட் பிளஸ் சத்திரம். அத்தான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டரம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்த பார்வையில், சிற்பம் அன்று மாலையே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. என் வாய் சும்மா இருக்குமா? பின் வரிசையிலிருந்து, "நூத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் தமிழ்ப் பேராசிரியர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். தானும் சேர்ந்து மூழ்கப்போகிறோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நூத்! ஆகா! நூல் நூத்தாள் என்கிறோமே, அந்த நூத்! நட்டுக்குள்ளே இருப்பது என்ன? மறை! மறை என்பது என்ன? இரும்பில் நூற்ற நூல்! நட் என்ற பேரையும் நூத் என்ற பேரையும் ஒரே இரும்பில் கோத்துக் காட்டியிருக்கிறார் கலைஞர். இது தெரியாமல் நேர்ந்த பிழை என்று நினைக்கிறீர்களா? தெரிந்தே செய்த பிழை! நவீனக் கலையின் உயிரே அதுதான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அருங்காட்சியகத்து அம்மாவும் ஒன்றும் புரியாமல் தட்டினார். டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. சிற்பம் பிழைத்துக்கொண்டது.

வீட்டில் அத்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "தெரியாம தப்பு பண்ணிட்டேன்னு திட்டியிருந்தா கூடப் பரவால்ல. தெரிஞ்சே பண்ணேன்னு சால்வ போர்த்திட்டாங்களே" என்றார்.

"எங்க ஆபீஸ்ல தெரிஞ்சே பண்ணா சஸ்பெண்டு" என்றாள் அக்கா. "உங்க லைன்ல சால்வையா? நல்ல லைன்தான். சாப்பிடுங்க." பிறகு தட்டை அவர் பக்கம் தள்ளியபடியே, "நிக்குதுல்ல? யாரும் அழிக்கலல்ல? அது போதாதா?" என்றாள்.

போதும்தான். அத்தான் ஓய்வு பெற்றார். தினமும் மாலையில் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குப் போய், எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தன் நட்டு தேவியைப் பார்ப்பார். கரும்பலகையில் ஒரு பீரியடு கூட நிற்காத மனிதருக்கு மழையிலும் வெயிலிலும் நிற்கிற ஒன்று கிடைத்துவிட்டது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் நட்டு காணாமல் போக ஆரம்பித்ததும் நானே போய் எண்ணிப் பார்த்தேன்.

முதலில் வயிற்றுப் பக்கத்தில் ஒன்று இரண்டு. பிறகு கைப்பிடி அளவு. பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் வேலை என்று நினைத்தோம். அத்தான் என்னிடம் ஸ்பேனர் வாங்கிக்கொண்டு போய், மிச்சம் இருப்பதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் முடுக்கிவிட்டு வந்தார். மறுநாளும் போயிருந்தது. கடைசியில் வாசல் வாட்ச்மேன்தான் விஷயத்தை உடைத்தார்.

"திருட்டெல்லாம் இல்ல சார். வேண்டுதல்."

ஒரு லாரி டிரைவர். உள்ளே மனைவிக்கு வலி வந்து வந்து நின்றுபோகிறதாம். மனுஷன் வெளியே உட்கார முடியாமல் சிற்பத்துக்கு அடியில் போய் நின்றிருக்கிறான். லாரிக்காரன் கை சும்மா இருக்குமா, நட்டைப் பார்த்ததும் திருகியிருக்கிறது. நட்டு கழன்று கைக்கு வந்த அதே நேரம் நர்ஸ் வந்து அவன் பேரைக் கூப்பிட்டிருக்கிறாள். பையன். அவன் சும்மா போகாமல் அடுத்து நின்றவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான். வலி எடுத்ததும் புருஷன்காரன் ஒரு நட்டைக் கழற்ற வேண்டும். பிள்ளை பிறந்ததும் திரும்ப முடுக்கிவிட வேண்டும். கழற்றும்போது பேசக் கூடாது என்று ஒரு கிளை விதி. இடது கையால் கழற்றினால் பெண் பிள்ளை என்று இன்னொன்று. கும்பிட ஆள் இல்லாத தெய்வமாகப் பார்த்து வாங்கியது இப்படி ஆயிற்று.

திரும்ப முடுக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் பிள்ளை முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நட்டைச் சட்டைப் பையில் போட்டபடியே வீட்டுக்குப் போகிறவர்கள்தான் பாதிப் பேர். சிலர் திரும்ப மாட்டாமல் போனதற்குக் காரணம் மறதி இல்லை. அதை வாட்ச்மேன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அத்தானுக்கு அதெல்லாம் மனதில் ஏறவில்லை. "என் ஆர்ட்ட நட்டு நட்டா பிரிச்சு எடுத்துட்டுப் போறானுங்க மாப்ள! போர்டுல அழிச்சானுங்க, இரும்புல செஞ்சா அதையும் அழிக்கிறானுங்க!" என்று என் பட்டறையில் நின்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. 

பெரிய டாக்டரம்மாவின் கோபம் வேறு மாதிரி. அவர் அத்தானைக் கூப்பிட்டு, கெட்டுப்போன சாமானை விற்ற கடைக்காரனைக் கேட்பது மாதிரி கேட்டார்.

"யாரும் கும்பிடாததா வேணும்னுதான கேட்டேன்? என் ஆஸ்பத்திரில நான் ஆபரேஷன் பண்றேன், பேரு நட்டுக்குப் போகுது. நேத்து ஒருத்தன் ஃபார்ம்ல கையெழுத்துப் போடாம ஸ்பேனர் தேடிட்டு ஓடுறான்!"

கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. எல்லா நட்டையும் வெல்டு அடித்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். வெல்டு வேலை எனக்கு, பலகை அத்தானுக்கு. தாய் என்றால் கழற்ற முடியணும் என்ற பழைய வாதத்தை அத்தான் மறந்தே போனார். நல்ல மரப்பலகை வாங்கி, வெள்ளை அடித்து, அச்சு மாதிரி எழுத்தில் 'நட்டுகளைக் கழற்றாதீர்கள்' என்று எழுதினார். கீழ் மூலையில் பழக்க தோஷத்தில் ஒரு கட்டம் போட்டு 'அழிக்காதே' என்றும் எழுதிவிட்டார். வாழ்நாள் முழுக்க ஒத்திகை பார்த்த வாசகம் ஒருவழியாக ஆஸ்பத்திரிச் செலவில் நிற்கப்போகிறது.

நான் வெல்டிங் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று காலையில்தான் அத்தானின் மகளுக்கு வலி எடுத்து அங்கே சேர்த்தார்கள். தலைப்பிரசவம். அவள் புருஷன் கப்பல் வேலையில் எங்கோ கடலில் இருந்தார். அக்கா உள்ளே மகளோடு. அத்தான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிற்பத்துக்கும் வார்டு வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"என்னாச்சு அத்தான்?"

"ஆகல. வலி நின்னு நின்னு வருதாம். நீ ஆரம்பி. உன் வேலையப் பாரு."

நான் வயரை இழுத்து, எர்த் கம்பியை தேவியின் கணுக்காலில் மாட்டினேன். முகமூடியை எடுத்தேன். அக்கா வெளியே வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அத்தானைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். புகார்ப் பிரிவு அக்கா வாயைத் திறக்காமல் போவதென்றால் நிலைமை சரியில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

"மாப்ள, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றார் அத்தான்.

"இப்பதான குடிச்சேன்."

"இன்னொன்னு குடி."

வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். பலகையைப் புல்லில் கவிழ்த்துப் போட்டிருந்தார். வயிற்றுக்கு அடியில் போய் நின்று, இரண்டு கையாலும் ஒரு நட்டைப் பிடித்து, முகம் சிவக்கத் திருகிக்கொண்டிருந்தார். நட்டு அசையவில்லை. எப்படி அசையும்? அவரே அல்லவா பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கி வைத்திருந்தார். நான் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் கையை எடுக்கவில்லை. அவமானத்தை எல்லாம் விழுங்கிவிட்ட முகத்தோடு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஸ்பேனர்."

எத்தனை வருஷக் கிண்டல் என் தொண்டையில் வரிசைகட்டி நின்றது! ஒன்றையும் வெளியே விடவில்லை. எடுத்துக் கொடுத்தேன். ஸ்பேனர் வழுக்கியது. நானும் சேர்ந்து பிடித்து இழுத்தேன். கழன்றது. அவர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பேசக் கூடாது என்ற விதியை அவரும் கடைப்பிடித்தார், நானும்.

உடனே நர்ஸ் ஓடிவந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி, சிற்பத்தின் நிழல் சுருங்கி, மறுபடி நீண்டது. எங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் மூடிய கையோடு வந்து உட்கார்ந்தார்கள்.  சாயங்காலம் அக்கா வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். அத்தான் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார்.

பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்ததும் நட்டைத் திரும்ப மாட்டப் போனார். கண்ணில் நீர் நின்றதால் கோணலாக ஏற்றிவிட்டார். பாதியில் சிக்கிக்கொண்டது.

"மறை கழண்டுபோச்சு மாப்ள" என்றார்.

"நட்டுக்கா, உங்களுக்கா?"

அவர் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். நான் வெல்டிங் ராடை எடுத்தேன். அத்தான் குறுக்கே கையை நீட்டினார். "வேணாம். வயர சுருட்டு."

பெரிய டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பி அந்த வழியாக வந்தவர், வேலை நடக்கவில்லையே என்று நின்றார். தீர்மானம் என்னாயிற்று என்றார். இப்படியே விட்டால் சில வருஷத்தில் வெறும் கூடுதான் நிற்கும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

"டாக்டரம்மா, கணக்கு வாத்தியார் என் குதிரைய அழிச்சாரு. எத்தனையோ வருஷம் அழிச்சாரு. ஒரு நாளாவது அதுல ஒரு காத, ஒரு வால வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரா?" அத்தான் பெஞ்சில் இருந்தவர்களைக் காட்டினார். "இவங்க எடுத்துட்டுப் போறாங்கம்மா. வீட்ல வச்சிருக்காங்க."

டாக்டரம்மா அவரையும், பெஞ்சில் மூடிய கையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். "அதெல்லாம் சரி சார். கமிட்டி தீர்மானம்னு ஒண்ணு இருக்கே" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"மறுபரிசீலனைன்னு ஒரு வரி எழுதி வச்சிடுங்க டாக்டர்" என்றாள் அக்கா. "எங்க ஆபீஸ்ல அப்படி எழுதி வச்சது எதுவும் இது வரைக்கும் திரும்பி வந்ததில்ல."

இன்றுவரை அது மறுபரிசீலனையில்தான் இருக்கிறது. தேவியின் வயிறு முக்கால்வாசி வழுக்கையாகிவிட்டது. இப்போது முதுகுப் பக்கம் கை போகிறது. உயரமான ஆண்களுக்கு மட்டும்தான் எட்டுகிறது என்பதால், குள்ளமானவர்களை வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏற்றிவிடுகிறார். தமிழ்ப் பேராசிரியர் இதற்கும் ஒரு சொல் வெட்டி வைத்திருப்பதாகக் கேள்வி. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பலகையை அத்தான் வீணாக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்துக்கும் வெள்ளை அடித்து, அதே அழகான எழுத்தில் புதிதாக எழுதி, சிற்பத்துக்குப் பக்கத்தில் நட்டார். குழி தோண்டியது நான். மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு நிமிர்ந்து படித்தேன்.

'ஸ்பேனர் வாட்ச்மேனிடம் கிடைக்கும்.'

கீழ் மூலையைப் பார்த்தேன். வெறும் வெள்ளைதான் இருந்தது. கட்டம் போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.